குவார்ட்டர் பேனலை வெட்டி மாற்றுவதா, இழுத்துப் பட்டி பார்ப்பதா?

கேள்வி, மதுரையில் இருந்து ஒரு வாசகர், 6 அக்டோபர் 2024

மாட்டுத்தாவணி பக்கம் ஒரு பஸ் என் காரின் பின்பக்கத்தை உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின் கதவுக்கும் டிக்கிக்கும் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உள்வாங்கி இருக்கிறது. இரண்டு இடத்தில் பெயிண்ட் போய் இரும்பு தெரிகிறது. ஷோரூமில் அந்தப் பேனலையே வெட்டி எடுத்துப் புதுசு வைக்க வேண்டும், 38,000 ஆகும், இன்சூரன்ஸில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். நம்ம பட்டறை அண்ணன் 7,500-க்கு இழுத்து, பட்டி (மேலே பூசிச் சமன் செய்யும் பசை) பார்த்து, பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார். பட்டி போட்டால் வண்டி போச்சு என்று மச்சான் பயமுறுத்துகிறார். மூன்றரை வருட வண்டி, இதுவரை கிளைம் எதுவும் எடுத்ததில்லை. புதுசு வைப்பதுதானே நல்லது?

6 அக்டோபர், இரவு

வெட்ட விடாதீர்கள். காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன். காலையில் ஷோரூமில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால் இப்போதைக்கு இந்த வரி போதும்.

7 அக்டோபர்

கோவையில் ஒரு பாடி ஷாப்பில் சில வருடம் அட்வைசராக உட்கார்ந்திருந்தேன். எஸ்டிமேட் போடுவதுதான் வேலை, அதனால் அந்த 38,000 எப்படி உருவாகிறது என்று தெரியும்.

காரின் மேல்தகடுகளில் போல்ட் போட்டு மாட்டியவை உண்டு: பானட், முன் ஃபெண்டர், கதவுகள், டிக்கி மூடி. வெல்டு செய்து உடம்போடு சேர்த்தவையும் உண்டு: ரூஃப், அதைத் தாங்கும் பில்லர்கள், கதவுக்குக் கீழே ஓடும் சில், அப்புறம் உங்களுக்கு அடிபட்ட அந்தப் பின் குவார்ட்டர் பேனல். போல்ட்டில் நிற்பதைக் கழற்றிப் புதுசு மாட்டினால் வண்டிக்கு ஒன்றும் தெரியாது. வெல்டில் நிற்பதை மாற்றுவது வேறு கதை. தொழிற்சாலையில் போட்ட ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து, ரூஃபுக்குப் போகும் பில்லரின் நடுவில் அறுத்து, புதுத்தகட்டை வைத்து மறுபடி பற்றவைக்க வேண்டும்.

பற்றவைப்பதைவிடப் பெரிய பிரச்சினை துரு. தொழிற்சாலையில் பாடி முழுவதையும் பிரைமர் (அடிப்பூச்சு) தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் செலுத்திப் பூச்சு ஏற்றி, 170 டிகிரி வாக்கில் அடுப்பில் சுடுவார்கள். இரண்டு தகடு சேரும் இடுக்கில், மடிப்புக்குள், கை போகாத இடத்தில் எல்லாம் அந்தப் பூச்சு ஏறிவிடும். பட்டறையிலும் அந்தத் தொட்டி கிடையாது, ஷோரூமிலும் கிடையாது. வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்துவிடும். அதற்குப் பிறகு பிரைமர், இடுக்கை அடைக்கும் சீலர், உள்ளே மெழுகு ஸ்பிரே எல்லாம் பொறுமையாகச் செய்தால் தப்பிக்கலாம். மார்ச் மாதக் கடைசியில் டார்கெட் ஓட்டத்தில் இருக்கிற ஒரு பாடி ஷாப்பில் அந்தப் பொறுமை எவ்வளவு இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். சரியாகச் செய்யாவிட்டால் சில மழைக்காலம் கழித்து வீல் ஆர்ச் ஓரத்தில் பெயிண்ட் குமிழ் விடும், டிக்கியில் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நிற்கும்.

அதனால் என் கணக்கு இது: போல்ட்டில் நிற்பது மோசமாக அடிபட்டால் மாற்று, வெல்டில் நிற்பதை முடிந்தவரை காப்பாற்று. வெளியே ஒடுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தட்டு அளவுக்கு வழுவழுப்பாக உள்வாங்கிய ஒடுக்கு பெரும்பாலும் இழுத்தால் வந்துவிடும். விரல் நீளத்துக்குக் கூர்மையாக மடிந்த ஒடுக்கு அப்படி வராது, அங்கே தகடு நீண்டுபோயிருக்கும்.

7 அக்டோபர், பிறகு

எப்போது வெட்டித்தான் ஆக வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தகடு கிழிந்திருந்தால், மடிப்பு மேல் மடிப்பாகச் சுருங்கியிருந்தால், அல்லது பின்னால் இருக்கிற உள்தகடும் சேர்ந்து வளைந்திருந்தால். மதுரைக்காரர் டிக்கியின் உள்பக்க லைனிங்கை விலக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், சீலர் கோடு எங்காவது வெடித்திருக்கிறதா என்று. பின் கதவுக்கும் பேனலுக்கும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழே வரை ஒரே சீராக இருக்கிறதா, மறுபக்கத்தோடு ஒத்துப்போகிறதா. டெயில் லேம்ப் இடித்துக்கொள்ளாமல் உட்காருகிறதா. மூன்றும் சரி என்றால் அடி வெளித்தகட்டோடு நின்றுவிட்டது.

8 அக்டோபர்

மச்சான் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

பட்டி என்பது மேடுபள்ளத்தைச் சமன் செய்ய. பள்ளத்தை நிரப்ப இல்லை. இந்த வித்தியாசம் தெரியாத பட்டறைகளில்தான் பட்டிக்குக் கெட்ட பெயர் வந்தது. நல்ல டிங்கர் முதலில் ஒடுக்கின் மேல் வாஷர்களை ஸ்பாட் வெல்டு செய்து, கொக்கி மாட்டி இழுப்பார், ஓரங்களைச் சுத்தியலும் டாலி என்ற இரும்புக் கட்டையும் வைத்துத் தட்டுவார், கையால் தடவிப் பார்ப்பார், மறுபடி இழுப்பார். தகடு கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு வந்த பிறகு மெல்லிசாகப் பட்டி. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனாலே தப்பு. அதற்கு மேல் போட்டால் வெயிலில் சுருங்கி ஓரம் கோடு விடும், வண்டி அதிர்வில் வெடிக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதும் உண்மைதான், அதனால்தான் வெறும் பட்டியோடு வண்டியை வாரக்கணக்கில் வெளியில் நிறுத்தக்கூடாது.

இழுக்கச் சோம்பேறித்தனப்பட்டு அந்தப் பள்ளத்தில் பட்டியாலேயே கல்யாண மண்டபம் கட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க வழி: வேலை கொடுக்கும்போதே, இழுத்து முடித்ததும் பட்டி போடுவதற்கு முன்னால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். சரி என்று சாதாரணமாகச் சொல்கிறவரிடம் வண்டியை விடலாம். மூஞ்சி சுளித்தால் வேறு பட்டறை பாருங்கள்.

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது, பழைய கார் வாங்குகிறவர்கள் வைத்திருப்பார்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் 100 முதல் 130 மைக்ரான் வாக்கில் காட்டும். மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் 200, 300 என்று போகும். ஆயிரத்தைத் தாண்டினால் கீழே பட்டி. கருவி இல்லாதவர்கள் மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பிடிக்காமல் நழுவினால் அதே பதில்தான். பிளாஸ்டிக் பம்பரில் வைத்துப் பார்த்துவிட்டு முழுக்கப் பட்டி என்று எனக்கு எழுத வேண்டாம்.

9 அக்டோபர்

இப்போது காசு. மதுரைக்காரர் எஸ்டிமேட்டை அனுப்பியிருக்கிறார்: பேனல் 14,000, பெயிண்ட் 10,000, மீதி 14,000 கூலி. தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி இல்லை, சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி. மூன்று முதல் நான்கு வருட வண்டிக்கு இரும்புப் பாகத்தில் 25 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், அது 3,500. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,250. 1500 சிசி வரை உள்ள வண்டிக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக 5,750 கைக்காசு. பட்டறை 7,500 கேட்கிறது, எனவே கிளைம்தான் லாபம் என்று தோன்றும். ஷோரூமில் கணக்கு இந்த இடத்தோடு நின்றுவிடும்.

நோ கிளைம் போனஸை யாரும் சொல்ல மாட்டார்கள். கிளைம் எடுக்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி அது, 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். இவருக்கு இப்போது 35 இருக்கும், அடுத்த புதுப்பிப்பில் 45 ஆக வேண்டியது. கிளைம் எடுத்தால் பூஜ்யம். சொந்த சேதப் பிரீமியம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் 5,500 கட்ட வேண்டியவர் 10,000 கட்டுவார். அதற்கடுத்து 5,000-க்குப் பதில் 8,000. அதற்கும் அடுத்து 5,000-க்குப் பதில் 7,500. மூன்று வருடத்தில் 10,000 ரூபாய் கூடுதல். வண்டி மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் கொஞ்சம் குறையும், அதனால் தோராயம்தான், ஆனால் திசை மாறாது. கிளைம் எடுத்தால் 15,000-க்கு மேல், எடுக்காவிட்டால் 7,500.

நோ கிளைம் போனஸுக்குப் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் உண்டு, அது எடுத்திருந்தால் கணக்கே வேறு.

ஷோரூம் ஏன் வெட்டச் சொல்கிறது என்றால், கெட்ட எண்ணம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். பாகத்தில் மார்ஜின் இருக்கிறது, உண்மை. ஆனால் இழுத்து நிமிர்த்தத் தெரிந்த கை குறைந்துகொண்டே வருகிறது. வெட்டி வைப்பதற்கு இத்தனை மணி நேரம் என்று கம்பெனி புத்தகத்தில் எழுதியிருக்கிறது, ஒடுக்கு எடுப்பதற்கு எவ்வளவு நேரம் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. எஸ்டிமேட் போட உட்கார்ந்தால் எது சுலபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

9 அக்டோபர், பிறகு

பஸ்காரனிடம் வாங்க முடியாதா என்று கேட்டவருக்கு: சட்டப்படி முடியும், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஒரு ஒடுக்குக்காக அங்கே போய் நிற்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

12 அக்டோபர்

எல்லோரும் ஆயுத பூஜை முடித்துவிட்டீர்கள். நேற்று பூசிய சந்தனம் குங்குமத்தை இன்றே கழுவிவிடுங்கள், குறிப்பாக வெள்ளை வண்டிக்காரர்கள். குங்குமத்தில் உள்ள சாயம் கிளியர் கோட்டில் (நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சில்) இறங்கி ரோஸ் நிறத்தில் வட்டமாக நிற்கும். வெயிலில் காய விட்டுவிட்டு அப்புறம் நகத்தால் சுரண்டி எடுக்கிறார்கள் பாருங்கள், கறை பாதி, கீறல் மீதி. தண்ணீரில் ஊற வைத்துத் துணியால் ஒற்றி எடுங்கள்.

பூசணிக்காயை வண்டிக்கு எதிரில் உடையுங்கள், வண்டியின் மேல் வேண்டாம். சிரிக்காதீர்கள், பம்பர் கிளிப் உடைந்து வந்த வண்டிக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறேன்.

16 அக்டோபர்

சென்னையில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியதைக் கேலி செய்து மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலைப் பார்த்தவர்கள் அவர்கள். இந்த இழையில் உள்ள எல்லா ரிப்பேர் யோசனையையும்விட அது மலிவான யோசனை.

19 அக்டோபர்

கீறல் பற்றி நிறையக் கேள்வி வந்துவிட்டது, ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன். நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டவில்லை என்றால் கீறல் கிளியர் கோட்டோடு நின்றிருக்கும், ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போட்டால் போய்விடும். ஆனால் கிளியர் கோட்டின் தடிமனே 40, 50 மைக்ரான்தான், வருடா வருடம் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "ரப்பிங் பாலிஷ்" சேர்த்துக்கொள்கிறவர்கள் காசு கொடுத்து அதைத் தேய்த்துக் கரைக்கிறார்கள். நகம் மாட்டினால் காம்பவுண்ட் வேலைக்கு ஆகாது. சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது, அவசரம் இல்லை. இரும்பு பளபளத்தால் டச்சப் பெயிண்டாவது உடனே வையுங்கள், பெசன்ட் நகர், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் அடுத்த வாரம் என்று தள்ளவே கூடாது.

பல சமயம் அது கீறலே கிடையாது, இடித்த வண்டியின் பெயிண்ட் உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும். மஞ்சள் கோடு, நீலக் கோடு என்று பார்த்தாலே பயமாக இருக்கும், காம்பவுண்டில் துடைத்தால் போய்விடும்.

பம்பர் உள்ளே அமுங்கிவிட்டதா? உடையாமல், கிழியாமல் இருந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பின்னால் இருந்து தள்ளுங்கள், பல பம்பர்கள் டப்பென்று வெளியே வந்துவிடும். இரும்பில் இதைச் செய்து பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

23 அக்டோபர்

7-ந் தேதி எழுதியதைப் படித்துவிட்டுத் திருச்சியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் ஒரு விஷயத்தைச் சேர்க்கச் சொல்கிறார். போல்ட்டில் நிற்பதை மாற்றினால் வண்டிக்கு ஒன்றும் தெரியாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன், கதவுக்கு அது முழுதாகப் பொருந்தாது என்கிறார். புதுக் கதவு வெறும் பிரைமரில் வரும், சில சமயம் மடிப்பு ஓரத்துக்குச் சீலர் இவர்களே போட வேண்டும், வயரிங், கண்ணாடி, ரப்பர் எல்லாம் பழையதிலிருந்து மாற்ற வேண்டும், அதில் ஏதாவது ஒன்று சரியாக உட்காராமல் காற்றுச் சத்தம் வரும். நியாயம்தான். யோசித்துப் பார்த்தால் நான் எஸ்டிமேட் போட்ட காலத்தில் திரும்பி வந்த புகார்களில் கதவுச் சத்தம் நிறையவே இருந்தது. கதவுக்குள் இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டம் வளைந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், அது பக்கவாட்டு மோதலில் உங்கள் இடுப்பைக் காக்கிற சட்டம். வளையவில்லை என்றால் கதவையும் இழுத்துப் பார்க்கலாம்.

விற்கும்போது இன்னொரு சிக்கல். ஃபெண்டர் போல்ட் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தாலே வாங்க வருகிறவர் "ஆக்சிடென்ட் வண்டியா?" என்று ஆரம்பிப்பார். பழைய பில்லையும் போட்டோவையும் வைத்திருங்கள்.

2 நவம்பர்

தீபாவளி முடிந்தது, இன்பாக்ஸில் பட்டாசுக் காயங்கள். கிளியர் கோட் மட்டும் கருகியிருந்தால் பாலிஷில் பார்க்கலாம், கொப்பளித்திருந்தால் அந்தப் பேனலுக்குப் பெயிண்ட்தான். கவர் போட்டிருந்தேன், கவர் உருகி ஒட்டிக்கொண்டது என்று ஒருவர். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை சார்.

முன் கண்ணாடியில் கல் தெறித்தவர்களுக்கு: அது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. வெளிக்கண்ணாடியில் மட்டும் சின்னப் பொட்டு என்றால் ரெசின் ஏற்றிச் சரிசெய்யலாம், உடனே செய்தால்தான் உண்டு, அழுக்கும் ஈரமும் உள்ளே போய்விட்டால் தடம் தெரியும். ஓரம் வரை கோடு ஓடியிருந்தால், ஓட்டுநர் பார்வைக்கு நேராக இருந்தால், மாற்றிவிடுங்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை, அதனால் சாதாரண பாலிசியிலும் பெரும்பகுதி கிடைக்கும். மாற்றிய பிறகு பசை இறுக சில மணி நேரம் வண்டியை எடுக்கக்கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள புது மாடல்களில் கேமராவை மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும், பில்லில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாஸ்டேக் பழைய கண்ணாடியோடு போய்விடும், புதுசுக்கு வங்கியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், டோலில் போய் நிற்காதீர்கள்.

11 நவம்பர்

மதுரைக்காரர் பட்டறையிலேயே விட்டுவிட்டார். பட்டிக்கு முந்தைய போட்டோவை இங்கே போட்டிருந்தார், பார்த்தவர்களுக்குத் தெரியும், அண்ணன் கை நல்ல கை. ஆனால் இப்போது புதுப் புகார்: நிழலில் நிறம் ஒத்துப்போகிறது, மாலை வெயிலில் பின் கதவு ஒரு நிறம், பேனல் ஒரு நிறம்.

சில்வர் வண்டி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் எச்சரித்திருப்பேன். மெட்டாலிக் பெயிண்டில் அலுமினியத் துகள் இருக்கிறது, ஸ்பிரே கன் எந்தக் காற்றழுத்தத்தில் அடித்தது, எவ்வளவு ஈரமாக அடித்தது என்பதைப் பொறுத்துத் துகள் படுக்கும் விதம் மாறும், நிறத்தின் குறியீட்டு நம்பர் சரியாக இருந்தாலும். மூன்றரை வருட வெயிலில் பழைய பெயிண்டும் கொஞ்சம் மாறியிருக்கும். அதற்காகத்தான் நல்ல பெயிண்டர் நிறத்தை அடிபட்ட பேனலோடு நிறுத்தாமல் பக்கத்துக் கதவிலும் கொஞ்சம் மங்கலாக இழுத்துவிட்டு, கதவு முழுக்கக் கிளியர் அடிப்பார். கூடுதல் காசு ஆகும், 7,500-க்குள் அது இருக்காது. அண்ணனிடம் சண்டை போட வேண்டாம், கதவுக்கும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். முத்து வெள்ளைக்காரர்கள் இன்னும் பாவம், அது மூன்று அடுக்கு.

பம்பர் நிறம் மட்டும் லேசாக மாறித் தெரிகிறதே என்று பதறுகிறவர்கள், ஷோரூமில் நிற்கிற புது வண்டியைப் போய்ப் பாருங்கள். பம்பருக்குத் தனியாகத்தான் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

18 நவம்பர்

பொள்ளாச்சியில் இருந்து ஒரு அக்கா: தோப்பு வீட்டில் நிறுத்திய காரின் ரூஃபில் தேங்காய் விழுந்திருக்கிறது, பெயிண்ட் உடையவில்லை. எங்கள் பக்கத்தில் இது வருடம் முழுக்க வருகிற கேஸ். ரூஃப் வெல்டில் நிற்பது, மாற்றுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பெயிண்ட் உடையாத ஒடுக்குக்குப் பெயிண்ட் இல்லாமலே எடுக்கிற முறை இருக்கிறது. உள்கூரைத் துணியைக் கழற்றி, வளைந்த கம்பிகளால் உள்ளே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி ஏற்றுவார்கள், கோடு போட்ட விளக்கை வெளியே வைத்து நிழல் வளைவதைப் பார்த்துக்கொண்டே. தொழிற்சாலைப் பெயிண்ட் அப்படியே நிற்கும், பட்டியே கிடையாது. என்னைக் கேட்டால் எல்லா ரிப்பேரிலும் இதுதான் உயர்ந்தது, செய்கிறவர்கள்தான் குறைவு. அக்கா, வண்டி நிறுத்தும் இடத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள்.

24 நவம்பர்

ஏர்பேக் விரிந்த வண்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கப் போகிறவருக்கு. இங்கே நான் விளையாட்டாகப் பேச மாட்டேன். ஏர்பேக், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பிரிடென்ஷனர் எல்லாம் ஒருமுறைக்கு மட்டும்தான். மாற்றச் செலவு அதிகம் என்பதால் கனெக்டரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி எச்சரிக்கை விளக்கை ஏமாற்றிவிட்டு விற்கிறார்கள். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விட்டுவிட்டு வாருங்கள். எரிந்து அணைந்தாலும் போதாது, ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டீயரிங் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் இழுத்துக் காப்பாற்று என்று சொல்லி வந்ததெல்லாம் வெளித்தகட்டுக்கு. நடுப் பில்லரின் உள்ளே பல புது மாடல்களில் சூடாக்கி அச்சில் அழுத்திய மிக உறுதியான எஃகு இருக்கிறது. அதைச் சூடு காட்டி நிமிர்த்தினால் பார்க்க நேராக இருக்கும், பலம் போய்விடும். முன்பக்கச் சட்டங்கள் வளைந்த வண்டியை அளவு பார்க்கும் ஜிக்கில் ஏற்றாமல் கண்ணளவில் சரிசெய்ததாகச் சொன்னால், டயர் ஒருபக்கமாகத் தேய்வது அதன் சின்ன விளைவுதான்.

3 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததில் இருந்து விழுப்புரம், கடலூர், புதுச்சேரி பக்கத்துச் செய்திகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை.

ஸ்டார்ட் செய்யாதீர்கள். "ஒரே ஒரு தடவை பார்க்கலாம்" என்பதும் கிடையாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும், இன்ஜின் போய்விடும். வெள்ளச் சேதம் சாதாரண பாலிசியிலேயே வரும், ஆனால் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாதவர்களுக்குப் பொதுவாகத் தர மறுப்பார்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வண்டி முழுகியிருக்கும்போதே, தண்ணீர் எது வரை நின்றது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், வடிந்த பிறகு சேற்றுக் கோட்டையும் எடுங்கள், சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வருவதற்கு முன்னால் கழுவ வேண்டாம்.

தரை விரிப்பு வரை மட்டும் நனைந்திருந்தால் நிலைமை மோசமில்லை, விரிப்பையும் கீழே உள்ள பஞ்சையும் வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும், மேலே ஈரம் போனால் போதும் என்று விட்டால் நாற்றமும் துருவும். பல மாடல்களில் ஏர்பேக் கம்ப்யூட்டர் கியர் பக்கத்தில் தரையோடு இருக்கும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சீட் மட்டம் தாண்டினால் வயரிங். டேஷ்போர்டு வரை என்றால் ரிப்பேர் செலவு ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) தொகையில் 75 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பு அதிகம், அப்படித் தாண்டினால் முழு இழப்பு என்று முடிப்பார்கள். மனசு கேட்காமல் எப்படியாவது சரிசெய்து கொடுங்கள் என்று கெஞ்சாதீர்கள், மாதத்துக்கு ஒரு எலக்ட்ரிக்கல் கோளாறோடு திரும்பத் திரும்பப் பட்டறைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

3 டிசம்பர், இரவு

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். பிளாட்பெட் கேளுங்கள், வர இரண்டு நாள் ஆகும் என்றாலும் காத்திருங்கள்.